எண்ணாமல் போட்ட நெல்

சிற்றம்பலம் எதையும் எண்ணிவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போவார். அது பிறவிக்குணம் அல்ல, பிழைப்பு பழக்கிய குணம். வடமராட்சியில் ஒரு வியாபாரியின் புகையிலைக் கொட்டிலில் பத்து வயதிலிருந்து இலை எண்ணிக் கட்டியவர். ஒரு கட்டில் ஓர் இலை குறைந்தாலும் அன்றைய கூலியில் பிடித்துவிடுவார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனதும் அந்தக் கொட்டிலால்தான்.

ஐம்பத்திரண்டாம் ஆண்டு, உருத்திரபுரத்துக்கு அப்பால் காடு வெட்டித் திறந்த நாவலடி வாய்க்கால் குடியேற்றத்தில் அவருக்குக் காணி கிடைத்தது. ஐந்து ஏக்கர் வயல், மூன்று ஏக்கர் மேடு. வந்த முதற் கிழமையே, ஒரு வாரம் முடியுமுன், வரம்புகளை அடியால் அளந்து, காணி அலுவலகமான கந்தோர் கொடுத்த படத்தோடு ஒத்துப் பார்த்தார். கிழக்குப் பக்கம் நாலடி குறைந்தது. கந்தோருக்குப் போனார்.

"நாலடியிலை என்ன ஐயா விதைக்கப் போறீர்?" என்று நில அளவைக்காரர் சிரித்தார்.

"அது பிறகு பாப்பம். நாலடி நாலடிதானே."

மூன்று தரம் நடந்து, எல்லைக் குற்றியைப் பிடுங்கி நாலடி தள்ளி நடுவித்தபிறகுதான் விட்டார். அன்று வென்றது அவருக்கு நல்லதாகப் போகவில்லை என்றே இப்போது தோன்றுகிறது. கேட்டால் கிடைக்கும், விடாமல் கேட்டால் கட்டாயம் கிடைக்கும் என்ற நம்பிக்கை அவருக்குள் அன்றைக்குத்தான் வேர்விட்டது.

மனைவி இராசமலர். மகள் பத்மாசனி. அவளுக்கு முன் பிறந்த இரண்டும் காய்ச்சலில் போய்விட்டன. மிஞ்சிய ஒன்றைப் படிப்பிக்கவேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இருந்ததாக யாருக்கும் தெரியாது. நாவலடியில் இருந்தது ஓலைக் கொட்டில் பள்ளிக்கூடம். ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்பு மட்டும். அதற்குமேல் படிக்க நாலு மைல் காட்டுவழியாக உருத்திரபுரத்துக்குப் போகவேண்டும். பெடியள் போய்வந்தார்கள். பெண்பிள்ளைகள் பெரியபிள்ளையாகும் மட்டும், வயதுக்கு வரும்வரை, போவார்கள். அதன்பிறகு எந்தத் தாயும் அந்த வழியில் விடமாட்டாள். பத்மாசனிக்குக் கிடைக்கக்கூடிய காலம் எவ்வளவு என்பதையும் சிற்றம்பலம் கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

ஐம்பத்தைந்தில் பள்ளிக்கூடங்களைப் பார்க்கும் அதிகாரி ஒருவர் வந்து, சீமெந்துச் சுவரும் ஓட்டுக்கூரையுமாக அறுபதடிக் கட்டிடம் எழுப்பினால் எட்டாம் வகுப்புவரை அனுமதியும் மேலும் இரண்டு ஆசிரியரும் தருவதாகச் சொன்னார். அன்றே மருதமரத்தடியில் சங்கம் கூடியது. தலைவராகக் கதிர்காமநாதனைத் தெரிந்தெடுத்தார்கள். அவர் முன்பு மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவர். வேலையை விட்டு வயலும் கமமுமாக இருக்க வந்தவர், குறைந்த பேச்சுக்காரர். ஒவ்வொரு போகத்திலும் ஏக்கருக்கு இரண்டு கடகப்பெட்டி நெல், களத்திலேயே கொடுப்பது என்று முடிவாயிற்று. முதலில் கையை உயர்த்தியவர் சிற்றம்பலம்.

அந்தத் தீர்மானத்தில் ஒரு பிழை இருந்தது. அப்போது அது யாருக்கும் பிழையாகத் தெரியவில்லை.

மாடுகளை விட்டுச் சூடு மிதித்து, தூற்றி, நெல்லைப் பொலியாகக் குவித்துவிட்டால் அந்த இடம் வேறு இடம். அங்கே இலக்கம் சொல்லக்கூடாது. அளக்கவேண்டி வந்தால் முதல் அளவை 'லாபம்' என்று சொல்லி, மிச்சத்தை வாய்க்குள் வைத்துக்கொள்வார்கள். 'முடிந்தது' என்ற சொல்லும், போதும் என்று பொருள்படும் 'காணும்' என்ற சொல்லும் அங்கே நுழையக்கூடாது. சொன்னால் பொலி வற்றும். கோயிலுக்கென்று முதலில் எடுத்து வைப்பதை யாரும் எண்ணுவதில்லை. கை நிறைந்தபடி போடுவார்கள். பள்ளிக்கூட நெல்லையும் கோயில் நெல்லுக்குப் பக்கத்தில் குவித்தார்கள். ஆகவே அதையும் எண்ணவில்லை. பத்துக் கடகம் போடவேண்டியவர் பதின்மூன்றும் போட்டார், எட்டோடு நின்றவரும் உண்டு. வண்டிக்காரனும் எண்ணாமல் ஏற்றினான். தலைவரின் புத்தகத்தில் எழுதப்பட்டது, பின்னால் விற்றபோது அளந்த புசல் கணக்கு மட்டும். வந்தது எவ்வளவு என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

முதற் போகம் சிற்றம்பலம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அத்திவாரம் மட்டும் போட்டிருந்தது. ஐம்பத்தேழு பங்குனியில், வண்டி அவருடைய களத்துக்கு வந்தபோது கையை நீட்டித் தடுத்தார்.

"நில்லுங்கோ. இந்தமுறை எண்ணித்தான் போடப்போறன்."

கடகத்தோடு நின்ற யோகலிங்கம், பக்கத்து வயல்காரன், வாயைப் பொத்திக்கொண்டான். "அண்ணை, விசரே உங்களுக்கு? பொலிக்கு முன்னாலை நிக்கிறியள்."

"கோயிலுக்குப் போட்டது சாமிக்குத் தெரியும். இது மனிசருக்குப் போடுறது. ஒண்டு... ரெண்டு..."

சத்தமாகவே எண்ணினார். மாடுகளைப் பிடித்திருந்தவர்கள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். "பத்து. காணும்," என்றார். கடைசிச் சொல் விழுந்ததும் இராசமலர் களத்தை விட்டு இறங்கி நடந்துவிட்டாள்.

அந்த ஆண்டு மார்கழியில் வெள்ளம் வந்தது. வாய்க்கால் கட்டு மூன்று இடத்தில் உடைந்து, கதிர் வெளிவராத குடலைப் பருவத்தில் நின்ற பயிரையெல்லாம் மணல் மூடியது. வன்னி முழுவதும் அழிந்த வெள்ளம் அது. ஆனால் நாவலடிக்காரருக்குக் காரணம் கையெட்டும் தூரத்தில் இருந்தது. வரம்பு கட்ட, உழைப்புக்கு உழைப்பு மாற்றிக்கொள்ளும் ஆள்மாற்றுக்கு அவரிடம் யாரும் வரவில்லை. கடைக்கு முன்னால் அவர் போனால் யாராவது ஒருவன், "சத்தம் போடாதேங்கோ, எங்களை எண்ணிப்போடுவார்," என்பான். மற்றவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் பகிடி கொஞ்சம்தான் இருந்தது.

அடுத்த விதைப்புக்கு வீட்டில் விதைநெல் இல்லை. இராசமலர் ஒருநாள் பின்நேரம் தலையில் ஒரு சாக்கும், யோகலிங்கத்தின் வண்டியில் இரண்டு சாக்குமாக வந்து சேர்ந்தாள்.

"தம்பி அனுப்பினவன்," என்றாள்.

சிற்றம்பலம் அளந்து பார்த்தார். மூன்று புசல். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. பசித்த வீட்டில் மச்சானின் நெல்லைப்பற்றி என்ன கேள்வி?

ஐம்பத்தொன்பதில் நல்ல விளைச்சல். அறுபது சாக்குச் சீமெந்து லொறியில் வந்து, அத்திவாரத்துக்குப் பக்கத்தில் இருந்த தகரக் கொட்டகையில் அடுக்கப்பட்டது. ஓட்டுக்கு முற்பணம் கட்டியாயிற்று. சித்திரையில் சுவர் தொடங்கும் என்று தலைவர் சங்கத்தைக் கூட்டிச் சொன்னார். பத்மாசனிக்கு அப்போது பதினொரு வயது, ஐந்தாம் வகுப்பு. எல்லாம் சரியான நேரத்துக்குத்தான் வந்துகொண்டிருந்தது.

சிற்றம்பலம் எழுந்தார்.

"நாப்பத்தாறு குடும்பம். குடும்பத்துக்கு அஞ்சு ஏக்கர். விளைஞ்ச போகம் மூண்டு. ரெண்டு கடகம் ஒரு புசல் எண்டு பாத்தாலும் அறுநூற்றித் தொண்ணூறு புசல் வரவேணும். அண்ணை, நீங்கள் வித்ததாச் சொல்லுறது ஐந்நூற்றிப் பதினேழு. மிச்சம் எங்கை?"

கதிர்காமநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீர் எவ்வளவு போட்டனீர் எண்டு உமக்குத் தெரியும். மற்றவை ஆராவது சொல்லுங்கோ பாப்பம், எத்தினை கடகம் போட்டனீங்கள்?"

எண்ணிப் போட்டவர் வேறு ஒருவரும் இல்லை. தெரிந்தால்தானே சொல்வதற்கு.

"அப்ப புத்தகத்தை வாசியுங்கோ," என்றார் சிற்றம்பலம்.

"கணக்கு இருக்கு. சதம் பிழையில்லாமல் இருக்கு. ஆனால் அது சபையிலை வாசிக்கிற கணக்கு இல்லை, சிற்றம்பலம். என்னை நம்பும்."

சிற்றம்பலத்துக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை. புகையிலைக் கொட்டிலில் இருபத்தைந்து வருடம் வேலை செய்தவர். என்னை நம்பு என்று சொன்ன முதலாளி எவனும் அவருக்குச் சரியான கூலி கொடுத்ததில்லை.

அவர் கச்சேரிக்கு முறைப்பாடாகப் பெட்டிசம் எழுதினார். இரண்டு தாள், தன் கையால், தன் பெயரைப் போட்டு. வைகாசியில் தபாலில் போட்டார். ஆனியில் ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். புத்தகங்களை வாங்கினார். விசாரணை முடியும்வரை ஒரு பொருளும் அசையக்கூடாது என்று சொல்லி, தகரக் கொட்டகையைப் பூட்டி, பூட்டில் அரக்கு முத்திரை வைத்தார்.

"எவ்வளவு நாள் செல்லும் ஐயா?" என்று கேட்டார் சிற்றம்பலம்.

"ரெண்டு கிழமை."

ஐப்பசி வந்தது. மழை தொடங்கியது. அதிகாரி வரவில்லை. அவரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டதாகக் கதை. கொட்டகைக் கூரையில் ஒரு தகரம் காற்றில் கிளம்பிப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஒரு காலை கதிர்காமநாதன் குடையோடு சிற்றம்பலத்தின் வளவுக்குள் வந்தார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை, முற்றத்திலேயே நின்றார்.

"சீமெந்து ஈரத்திலை கிடக்குது. நான் மூண்டு கடிதம் போட்டிட்டன். பெட்டிசக்காரருக்கு ஆட்சேபமில்லையெண்டு எழுதி வாங்கிக்கொண்டு வந்தால் திறக்கலாமெண்டு கந்தோரிலை சொல்லுகினம். ஒரு துண்டு எழுதித் தாரும். கணக்கை அவை ஆறுதலாப் பாக்கட்டும். முதல் சுவரை எழுப்புவம்."

"முதல் கணக்கை வாசிக்கட்டும் அண்ணை. பூட்டுத் திறந்தால் உள்ளை எத்தினை கிடந்தது எண்டு பேந்து ஆருக்குத் தெரியும்?"

"சீமெந்து நெல்லில்லை, சிற்றம்பலம். வருசக்கணக்கிலை வைக்கேலாது."

அடுப்படிக் குசினிக்குள்ளிருந்து இராசமலரின் குரல் வந்தது. ஆம்பிளைகளின் பேச்சில் அவள் குறுக்கிட்டதை அவர் அதுவரை கேட்டதில்லை. "இஞ்சாருங்கோ, எழுதிக் குடுங்கோவன். பிள்ளைக்கு அடுத்த வருசம் ஆறாம் வகுப்பெல்லே."

"பிள்ளைக்காகத்தான் கேக்கிறன். நீ பேசாமல் இரு."

கதிர்காமநாதன் குசினிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். ஏதோ சொல்ல வந்ததுபோல் இருந்தது. பிறகு குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அறுபதாம் ஆண்டு தையில் சிற்றம்பலம் மகளைச் சைக்கிளில் ஏற்றி உருத்திரபுரத்துக்குக் கொண்டுபோய் ஆறாம் வகுப்பில் சேர்த்தார். விடிய நாலு மைல், பின்நேரம் நாலு மைல். நடுவில் வயலுக்கு ஓடிவருவார். யானை நிற்கிற இடங்களில் இறங்கி மணியை அடித்துக்கொண்டு நடப்பார். சைக்கிளின் முன்பாரில் இருந்தபடி பத்மாசனி வாய்ப்பாடு சொல்லுவாள்; பின்னால் அவர் திருத்துவார். அவர் வாழ்க்கையில் நல்ல காலம் என்று ஒன்று இருந்ததென்றால் அந்த ஏழு மாதம்தான்.

ஆடி மாதம் பத்மாசனி பெரியபிள்ளையானாள். சடங்குத் தண்ணீர் வார்த்து முடிந்த மறுநாள் இராசமலர் சைக்கிளை எடுத்துச் சுவரோடு சாத்தி வைத்தாள்.

"இனிக் காட்டுவழியாலை விடேலாது. நாளைக்கு ஒரு கதை வந்தால் ஆர் கட்டுவினம்?"

"நான்தானே கூட்டிக்கொண்டு போறன்."

"ஊர் உங்களோடை கதைக்கிறதே குறைவு. அதுக்குள்ளை பழி சொல்ல இதையும் குடுக்கப்போறியளோ?"

பத்மாசனி மூலையில் பாயில் இருந்தாள். "பூட்டுத் திறந்தால் சுவர் எழும்ப எத்தினை மாசம் அப்பா?"

"மூண்டு மாசம்."

"அப்ப தையிலை நான் ஆறாம் வகுப்பைத் திரும்பப் படிக்கலாம்தானே."

"ஓம் பிள்ளை."

ஆவணியில் புதிய அதிகாரி வந்தார். இளம் ஆள், அவசரக்காரர். பதினாலு மாதம் அலுமாரியில் கிடந்த விசாரணைக் கோவையை முடித்துவிடவேண்டும் என்ற ஒன்றுதான் அவருக்கு. கொட்டகைக்கு முன்னால் கதிரை போட்டு இருந்துகொண்டு, ஊரெல்லாம் நிற்க, சத்தமாக வாசித்தார். நெல் விற்றது, ஐந்நூற்றுப் பதினேழு புசல். வரவு, செலவு, பற்றுச்சீட்டு எல்லாம் சரி. ஐம்பத்தேழாம் ஆண்டு நெல்லில் விற்காமல் இருந்தது நூற்று எண்பத்தெட்டுப் புசல்.

சிற்றம்பலம் மனதுக்குள் கூட்டினார். எழுநூற்றைந்து. அவர் போட்ட கணக்கிலும் பதினைந்து கூட. ஊர் அவர் நினைத்ததைவிட அள்ளிப் போட்டிருக்கிறது.

"இந்த நூற்றி எண்பத்தெட்டுப் புசலும்," என்று அதிகாரி தாளைப் புரட்டினார், "வெள்ளத்துக்குப் பிறகு, ஐம்பத்தெட்டாம் ஆண்டு, தலைவரால் விதைநெல்லாக முப்பத்தொரு குடும்பங்களுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. அனுமதி பெறவில்லை. பெற்றவர்களின் கையடையாளம் இருக்கிறது."

கதிர்காமநாதன் அப்போதுதான் வாய் திறந்தார். "ஐயா, பெயர் வேண்டாம். பொம்பிளையள் வந்து வாங்கினவை. வாசிக்கமாட்டன் எண்டு சொல்லித்தான் குடுத்தனான்."

"பெட்டிசத்தில் கேட்டிருப்பதே இதுதானே."

அவர் வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டத்தில் ஒரு தலை குனிந்தது. சில ஆண்கள் தங்கள் மனைவிமாரைத் திரும்பிப் பார்த்தார்கள். பதினேழாவது பெயர்: "சிற்றம்பலம் இராசமலர். மூன்று புசல். பெருவிரல் அடையாளம்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தலைவர் அதிகாரமில்லாமல் பொதுச்சொத்தைக் கொடுத்தது பிழை, ஆகவே நீக்கப்படுகிறார். நெல் பெற்றவர்கள் இரண்டு போகத்துக்குள் திருப்பிக் கட்டவேண்டும். புதிய சங்கம் அமையும்வரை மிச்சப் பணம் கச்சேரியில் இருக்கும். இவ்வளவையும் சொல்லிவிட்டு அதிகாரி அரக்கை உடைத்து, கொட்டகையைத் திறந்தார்.

உள்ளே ஈரமண் வாடை. சாக்குகள் அடுக்கியபடியே இருந்தன. கதிர்காமநாதன் ஓர் இரும்பு அலவாங்கை எடுத்து மேலிருந்த சாக்கில் குத்தினார். கல்லில் இரும்பு பட்ட சத்தம் வந்தது. அடுத்ததிலும் அதே சத்தம். அவர் அலவாங்கைச் சுவரோடு சாத்தினார்.

"சிற்றம்பலம், வாரும். எண்ணிப் பாரும்."

அது பகிடியா, கோபமா, அவருக்கே தெரியாமல் வந்த சொல்லா, சொல்லமுடியாது. சிற்றம்பலம் உள்ளே போனார். ஒவ்வொரு சாக்கிலும் கைவைத்து எண்ணினார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"அறுபது," என்றார் வெளியே வந்து. "எல்லாம் இருக்குது."

வீட்டில் இராசமலர் அடுப்பை மூட்டாமல் இருந்தாள். அவர் படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தால் விதைச்சிருப்பியளோ?"

விதைத்திருக்கமாட்டார் என்பது இருவருக்கும் தெரியும்.

"அண்டைக்கு அவர் முத்தத்திலை வந்து நிண்டாரே, அப்பவாவது..."

"எழுதிக் குடுங்கோ எண்டு சொன்னனான்தானே. அதுக்குமேலை என்னெண்டு சொல்லுறது?"

பத்மாசனி கேட்டுக்கொண்டிருந்தாள். தையைப்பற்றி அவள் அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. ஒரு கிழமை கழித்து, ஆறாம் வகுப்புப் புத்தகங்களை யோகலிங்கத்தின் மகளுக்குக் கொடுத்துவிட்டாள்.

புதிய சங்கத்துக்கு ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை. எந்தப் பெயரை எந்தக் கூட்டத்தில் வாசிப்பார்களோ என்று எல்லோருக்கும் பயம். கதிர்காமநாதன் காணியை மருமகனிடம் விட்டுவிட்டு யாழ்ப்பாணம் போனார். அவரை வழியனுப்ப பஸ் நிற்கிற இடத்துக்கு முப்பது பெண்கள் வந்தார்கள் என்றும், சிற்றம்பலம் தூரத்தில் ஒரு பாலை மரத்தடியில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார் என்றும் யோகலிங்கம் சொல்வான். கிட்டப் போகவில்லை. சிற்றம்பலம் விதைநெல்லை ஒரே போகத்தில் திருப்பிக் கட்டினார். மூன்றுக்கு நாலு புசல். எண்ணாமல் கொட்டச் சொன்னார், வாங்கியவர்கள்தான் எண்ணினார்கள்.

இறுகிய சாக்குகளைச் சனங்கள் உருட்டிக்கொண்டுபோய் வாய்க்காலோரம் போட்டார்கள். சாக்கு உக்கிப் போனபிறகும் அதன் இழை கல்லில் பதிந்திருந்தது. நாவலடிப் பெண்கள் அதில்தான் உடுப்புத் தோய்த்தார்கள். பத்மாசனியும் எட்டு வருடம் அதில்தான் தோய்த்தாள். சிற்றம்பலம் வயலுக்கு அந்தப் பக்கமாகப் போவதை நிறுத்திவிட்டார். சுற்றுவழி அரை மைல் கூட.

அரசாங்கம் பள்ளிக்கூடங்களைப் பொறுப்பெடுத்து, அந்தப் பழைய அத்திவாரத்துக்குப் பக்கத்தில் வேறொரு கட்டிடம் எழுப்பியபோது ஆண்டு அறுபத்தாறு. பத்மாசனிக்குப் பதினெட்டு வயது. திறப்புவிழாவுக்கு ஊரெல்லாம் போனது. அந்த வீட்டில் ஒருவரும் போகவில்லை.

அறுபத்தெட்டுப் புரட்டாதியில், மேட்டுக்காணியில் மண் வெட்டிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்திய சிற்றம்பலம் எழும்பவில்லை. ஐம்பத்தொரு வயது. பாடை தூக்க ஆள் குறையுமோ என்று இராசமலர் பயந்தாள். குறையவில்லை, எல்லோரும் வந்தார்கள். செத்த வீட்டில் யாரும் பழைய கதையை எடுக்கவில்லை.

மரணப் பதிவுக்குப் பத்மாசனிதான் போனாள். பதிவுகாரர் தாளை நீட்டி, மைத்தொட்டியையும் பக்கத்தில் நகர்த்தினார்.

"பெருவிரல் வையும் பிள்ளை."

அவள் பேனையை எடுத்து, தகப்பனின் பெயரையும், தொழில் கமம் என்றும், கீழே தன் பெயரையும் எழுதினாள். முத்து முத்தான எழுத்து. பதிவுகாரர் தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"எதுமட்டும் படிச்சனீர்?"

"ஆறாம் வகுப்பு," என்றாள் பத்மாசனி. "ஆடி பதினொண்டு மட்டும்."